கெட்ட வார்த்தைக்குச் சிவப்பு அட்டை: அறிவியல் என்ன சொல்கிறது?

திடலில் வாய்தவறும் விளையாட்டாளரைத் தண்டிக்க வேண்டுமா? மூளை, வலி, தாய்மொழி ஆகிய மூன்றையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புக்கு வருவோம்.

2025 பிப்ரவரி 15. ஸ்பெயின் நாட்டின் பம்ப்லோனா நகரில் ஒசாசுனா அணிக்கும் ரியால் மாட்ரிட் அணிக்கும் காற்பந்து ஆட்டம். முதல் பாதி முடியும் முன்பே, மாட்ரிட் அணியின் ஜூட் பெல்லிங்ஹாமுக்கு நடுவர் முனுவேரா மொந்தேரோ சிவப்பு அட்டை காட்டினார். பெல்லிங்ஹாம் யாரையும் உதைக்கவில்லை, தள்ளவும் இல்லை. இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சொன்னார், அவ்வளவுதான்.

முதல் சொல் கெட்ட வார்த்தை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தகராறு இரண்டாவது சொல்லில்தான். அது 'உன்னை' என்று முடிந்ததாக நடுவர் தம் அறிக்கையில் எழுதினார். அப்படியென்றால் அது நடுவரைத் திட்டியதாகும். பெல்லிங்ஹாமோ, தாம் சொன்னது வேறு சொல் என்றும், சலிப்பில் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டது என்றும் வாதாடினார். கட்டொழுங்குக் குழு அவருக்கு 2 ஆட்டங்கள் தடை விதித்தது. அப்போது அவருக்கு வயது 21.

இந்த வழக்கு நமக்குப் புதிதில்லை. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டத் திடல் எதிலாவது ஞாயிறு மாலை ஆட்டம் பார்த்திருந்தால், "சார், உங்களைச் சொல்லல, பந்தைச் சொன்னேன்!" என்ற கெஞ்சலைக் கேட்டிருப்பீர்கள். அப்படிக் கெஞ்சும் ஆட்டக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறதா? பந்தைத் திட்டுவதும் ஆளைத் திட்டுவதும் வேறுவேறா? இதைப் பற்றி அறிவியலுக்குச் சொல்ல நிறையவே இருக்கிறது.

மூளையில் இரண்டு பாதைகள்

1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைச் சோதித்தார். அவர் பல ஆண்டுகளாகப் பேச்சை இழந்தவர். எதைக் கேட்டாலும் 'தான், தான்' என்ற ஒலி மட்டுமே வரும். ஆனால் கடுங்கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு முழுசாக வாயிலிருந்து வெளிவரும்! அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது, இடது பக்கத்தின் முன்பகுதி பழுதடைந்திருந்தது. பேச்சை உருவாக்கும் அந்த இடத்துக்கு இன்று 'புரோக்கா பகுதி' என்று பெயர்.

பேச்சுப் பகுதி கெட்ட பிறகும் வசவு மட்டும் எப்படி வந்தது? சாதாரணமாகப் பேசும்போது மூளை சொற்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, வாக்கியம் அமைக்கிறது. இதில் பெரும்பங்கு இடது அரைக்கோளத்துக்கு உண்டு. வசைச்சொல்லை மூளை அப்படிக் கட்டி எழுப்புவதில்லை. அது முன்பே தயாராக இருக்கும் ஒரு பொட்டலம் போன்றது. அச்சம், சினம் போன்ற உணர்ச்சிகளைக் கவனிக்கும் அமிக்டலாவும், பழகிப்போன செயல்களைத் தாமாக ஓடவிடும் ஆழ்மூளைப் பகுதிகளும் அதை வெளியே தள்ள உதவுகின்றன.

தூரெத் நோய்க்குறி இதற்கு இன்னொரு சான்று. 1885இல் பிரெஞ்சு மருத்துவர் கில் தெ லா தூரெத் விவரித்த நரம்புக் குறைபாடு இது. இதற்கு ஆளானவர்களுக்கு உடல் தானாகத் துடிக்கும், குரல் தானாக எழும். அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு விருப்பமே இல்லாமல் வசைச்சொல் வெளிவந்துவிடும். அதற்காக அவர்களைத் தண்டிப்பது, தும்மியவரைத் தண்டிப்பது போலாகும்.

அப்படியானால் ஆட்டக்காரர்கள் எல்லாரும் குற்றமற்றவர்களா? அவசரப்பட வேண்டாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்புறணி, மூளையின் பிரேக். கோயில் திருவிழாக் கூட்டத்தில் கால் இடறினால் "முருகா!" என்கிறோம். அதே கால் திடலில் இடறினால் வேறு சொல் வருகிறது. வலி ஒன்றுதான், இடம் தெரிந்து பிரேக் வேலை செய்திருக்கிறது. இந்த முன்புறணி முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயது ஆகும். படிவம் 3இல் படிக்கும் ஆட்டக்காரருக்கும் 35 வயது அணித்தலைவருக்கும் பிரேக்கின் பலம் ஒன்றாக இருக்காது.

பனிநீரில் கை

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ், 2009இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். 67 மாணவர்கள் கையைப் பனிநீரில் வைக்க வேண்டும். தாங்க முடியாதபோது எடுத்துவிடலாம். ஒரு முறை வசைச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இன்னொரு முறை மேசையை வருணிக்கும் ஒரு சாதாரணச் சொல்லைச் சொல்ல வேண்டும். வசைச்சொல் சொன்னபோது அவர்கள் சராசரியாகச் சுமார் 40 விநாடி கூடுதலாகத் தாங்கினார்கள். இதயத் துடிப்பும் ஏறியிருந்தது. ஆபத்து வந்தால் போராடவோ ஓடவோ உடல் தயாராகும் எதிர்வினை தூண்டப்பட்டு, வலி மட்டுப்பட்டிருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம்.

அதே குழுவினர் 2018இல் விளையாட்டையும் தொட்டார்கள். நிலைமிதிவண்டியை முழு வேகத்தில் மிதிக்கும் சோதனையில், வசைச்சொல் சொன்னவர்களின் ஆற்றல் சராசரியாக 24 வாட் கூடியது. கைப்பிடியின் வலிமை 2.1 கிலோ கூடியது. ஆனால் இம்முறை இதயத் துடிப்பில் மாற்றம் காணப்படவில்லை. ஆகவே காரணம் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

2011இல் வந்த முடிவு நமக்கு மிக முக்கியம். நாள்தோறும் அதிகமாகக் கெட்ட வார்த்தை பேசுகிறவர்களுக்கு இந்த வலி தாங்கும் பயன் குறைந்துபோனது. மருந்தை அடிக்கடி விழுங்கினால் அது வேலை செய்யாமல் போவது போல. 2020இல் ஆய்வாளர்கள் வசவு போல ஒலிக்கும் புதிய போலிச் சொற்களைத் தாங்களே உருவாக்கிக் கொடுத்தார்கள். அவற்றைச் சொன்னவர்கள் சிரித்தார்களே தவிர, வலியை அதிகம் தாங்கவில்லை. ஆக, பலம் ஒலியில் மட்டும் இல்லை. 'இதைச் சொல்லாதே' என்று சின்ன வயதிலிருந்து நம்மைத் தடுத்துவந்த அந்தத் தடையே சொல்லுக்குச் சூட்டைத் தருகிறது.

இந்தச் சோதனைகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. சொல் காற்றில்தான் போனது. எனவே "கெட்ட வார்த்தை பேசினால் பலம் வரும், அறிவியலே சொல்லிவிட்டது" என்று எதிரணியினர் முகத்துக்கு நேராகக் கத்துபவருக்கு இந்த ஆய்வுகள் துணைவரா.

எந்த மொழியில் சுடும்?

வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வாழ்பவர்கள் நாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு நம்மைப் பற்றியதுபோலவே இருக்கும். துருக்கி மொழியைத் தாய்மொழியாகவும் ஆங்கிலத்தைப் பின்னர் கற்ற மொழியாகவும் கொண்டவர்களின் விரல் நுனியில் மின்முனைகள் பொருத்தப்பட்டன. உணர்ச்சி எழுந்தால் தோல் நுண்ணளவில் வியர்க்கும். அப்போது அதன் மின்கடத்தல் கூடும். தகாத சொற்களையும், சிறுவயதில் பெரியவர்கள் கண்டிக்கும் சொற்களையும் தாய்மொழியில் கேட்டபோது எதிர்வினை வலுவாக இருந்தது. இரண்டாம் மொழியில் அது குறைந்தது.

இதன் பொருள் என்ன? அடுத்தவர் மொழியின் வசவு நம் வாயில் லேசாகத் தெரியும். ஆனால் அது யாருடைய தாய்மொழியோ அவர் காதில் முழுச் சூட்டோடு விழும். ஒரே அணியில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஆடும் நம் நாட்டில், "சும்மா ஜாலிக்குச் சொன்னேன்" என்பது பல நேரங்களில் சொன்னவருக்கு மட்டுமே உண்மை.

2008 ஜனவரியில் சிட்னி டெஸ்ட் கிரிக்கெட்டில் எழுந்த பெரும் சர்ச்சையும் மொழியில்தான் சிக்கியது. ஹர்பஜன் சிங் தம்மை இனத்தைக் குறித்து 'குரங்கு' என்றதாக ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் தரப்பு புகார் செய்தது. ஆட்ட நடுவர் ஹர்பஜனுக்கு 3 டெஸ்ட் தடை விதித்தார். அவர் சொன்னது அதுபோல் ஒலிக்கும் இந்தி வசவு என்று இந்தியத் தரப்பு வாதிட்டது. மேல்முறையீட்டை விசாரித்த நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹான்சன், இன இழிவுக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று தடையை நீக்கி, தகாத பேச்சுக்காக ஆட்டச் சம்பளத்தில் 50 விழுக்காடு அபராதம் விதித்தார். இனத்தை இழித்தால் 3 டெஸ்ட், வெறும் வசவு என்றால் பாதிச் சம்பளம். இரண்டும் ஒரே எடையில் இல்லை என்பதை விதிகளே ஒப்புக்கொள்கின்றன.

விதிகள் என்ன சொல்கின்றன?

காற்பந்து: இழிவான, புண்படுத்தும் அல்லது வசைபாடும் சொல்லுக்கும் சைகைக்கும் சிவப்பு அட்டை உண்டு. 2011 ஏப்ரலில் மூன்று கோல் அடித்த மகிழ்ச்சியில் தொலைக்காட்சிக் கேமராவைப் பார்த்துக் கெட்ட வார்த்தை கத்திய வெய்ன் ரூனிக்கு 2 ஆட்டத் தடை கிடைத்தது.

கிரிக்கெட்: அனைத்துலக ஆட்டத்தில் காதில் விழும் ஆபாசச் சொல் முதல் நிலைக் குற்றம். 2020 ஜனவரியில் கேப்டவுனில் ஜோஸ் பட்லர் எதிரணி வீரரைத் திட்டியது ஸ்டம்பு ஒலிவாங்கியில் பதிவானது. ஆட்டச் சம்பளத்தில் 15 விழுக்காடு பறிபோனது.

டென்னிஸ்: முதலில் எச்சரிக்கை, பிறகு புள்ளி இழப்பு, அதன் பிறகு ஆட்ட இழப்பு என்று படிப்படியாக ஏறும். 1990 ஆஸ்திரேலியப் பொதுப் போட்டியில் ஜான் மெக்கன்ரோ அதிகாரியைத் திட்டி, ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார்.

ஒரு சங்கம் கற்றுக்கொண்ட பாடம்

தண்டனையை எங்கே நிறுத்துவது என்பதற்கு மோட்டார் பந்தயம் நல்ல எடுத்துக்காட்டு. 2024 செப்டம்பரில் சிங்கப்பூரில் செய்தியாளர் கூட்டத்தில், தம் காரைப் பற்றிப் பேசும்போது மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஒரு கெட்ட வார்த்தையைப் பயன்படுத்தினார். அனைத்துலக மோட்டார் பந்தயச் சங்கமான எஃப்.ஐ.ஏ. அவருக்குப் பொதுச்சேவைத் தண்டனை விதித்தது. 2025 தொடக்கத்தில் அபராதப் பட்டியல் மிகக் கடுமையானது. பிப்ரவரியில் சுவீடன் ரேலியில், தம் சொந்தத் தவற்றை விவரிக்கும்போது ஒரு கெட்ட வார்த்தை சொன்ன அட்ரியன் ஃபூர்மோவுக்கு 10,000 யூரோ அபராதம். அடுத்த முறை சொன்னால் செலுத்துவதற்கு மேலும் 20,000.

ரேலி ஓட்டுநர்கள் கொதித்தார்கள். கென்யாவில் நடந்த அடுத்த பந்தயங்களில் ஒன்றில் பலர் நேர்காணலில் வாய்திறக்கவே மறுத்தார்கள். சிலர் தங்கள் தாய்மொழியில் மட்டும் பேசினார்கள்! மே மாதம் எஃப்.ஐ.ஏ. இறங்கிவந்தது. அடிப்படை அபராத உச்சம் 10,000 யூரோவிலிருந்து 5,000 ஆனது. அதைவிட முக்கியமாக, செய்தியாளர் கூட்டம் போன்ற அமைதியான இடம் ஒரு வகை, பந்தயத்தின் சூட்டில் வாய்தவறும் இடம் இன்னொரு வகை என்று பிரித்தார்கள். இனத்தை இழிக்கும் பேச்சுக்கும் அதிகாரிகளைத் திட்டுவதற்கும் தளர்வு இல்லை.

மூளை அறிவியல் சொன்னதையே விதியும் கடைசியில் சொன்னது. நாற்காலியில் அமர்ந்து பேசும்போது பிரேக் நன்றாகப் பிடிக்கும். இதயம் படபடக்கும் நேரத்தில் அது வழுக்கும்.

நம் இலக்கணத்துக்கு இது பழைய செய்தி. தொல்காப்பியம் அவையில் சொல்லத் தகாத சொல்லை 'அவையல்கிளவி' என்கிறது. பெயரிலேயே 'அவை' இருக்கிறது பாருங்கள். சொல் தகாதது ஆவது இடத்தைப் பொறுத்தது. அதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லும் வழக்கத்துக்குத் தமிழில் 'இடக்கரடக்கல்' என்றும் பெயருண்டு.

காற்றில் போகும் சொல், ஆள்மேல் விழும் சொல்

2021இல் பின்லாந்தில் நடந்த சுதிர்மான் கிண்ணப் பூப்பந்துப் போட்டியின் அரையிறுதியில் நம் நாட்டின் எஸ். கிஷோனா, ஜப்பானின் அகானே யாமாகுச்சியிடம் தோற்றார். அதன்பின் ஓர் அரசியல் கட்சி நிர்வாகி முகநூலில் அவரை இனத்தைக் குறித்து இழிவாக எழுதினார். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்தப் பதிவை எழுதியவருக்கு வலியும் இல்லை, பந்தயச் சூடும் இல்லை. கையில் கைப்பேசியும் யோசிக்க நேரமும் இருந்தன. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. கோல் தவறியவர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லும் சொல் இரவுக்குள் மறந்துபோகும். நிறத்தையும் பிறப்பையும் குத்திய சொல் பல ஆண்டுகள் நெஞ்சில் நிற்கும்.

நாட்டின் சட்டமும் இந்தப் பாடத்தைக் கற்கவேண்டி வந்தது. 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டம், 14ஆம் பிரிவின்படி, வசைமொழிக்கு உச்ச அபராதமே 100 ரிங்கிட். 2024இல் இணையப் பகடிவதைக்கு ஆளான ஓர் இளம் தமிழ்ப்பெண்ணின் மறைவை ஒட்டிய வழக்கில் ஒருவருக்கு அந்த 100 ரிங்கிட் அபராதமே விதிக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2025இல் பகடிவதைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரான புதிய பிரிவுகள் தண்டனைச் சட்டத்தில் நடப்புக்கு வந்தன.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தன் தவற்றையே நொந்துகொண்ட ரேலி ஓட்டுநருக்கு 10,000 யூரோ. ஒருவரைக் குறிவைத்த பேச்சுக்கு 100 ரிங்கிட். இரண்டு இடத்திலும் தராசு கோணல்தான்.

தண்டனை பலன் தருமா?

"நட்சத்திரங்கள் பேசினால் பிள்ளைகள் பழகிவிடுவார்கள்" என்பது தண்டனை வேண்டும் என்போரின் முதல் வாதம். அதற்கு ஆதாரம் உண்டு. 1961இல் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்துத் திட்டுவதைப் பார்த்த சிறுவர்கள், அடியை மட்டுமல்லாமல் அவர் சொன்ன சொற்களையும் அப்படியே திருப்பிச் செய்தார்கள்.

ஆனால் பெருந்தொகை அபராதம் எப்போதும் வேலை செய்வதில்லை. டென்னிஸ் வீரர் நிக் கிரியோஸின் தாயார் மலேசியாவில் பிறந்தவர். 2019இல் சின்சினாட்டியில் ஒரே ஆட்டத்துக்காகக் கிரியோஸுக்கு 113,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2022 விம்பிள்டனில் மறுபடி அபராதம். அமெரிக்கப் பொதுப் போட்டியிலும் அதே கதை.

இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் வேறு வழியைச் சோதித்தது. அடிமட்ட அளவில் 31 லீக் போட்டிகளில், நடுவரிடம் வாய்த்தகராறு செய்பவரை உடனே 10 நிமிடம் வெளியே உட்காரவைத்தார்கள். பணம் கேட்கவில்லை; விசாரணை இல்லை. தகராறு 38 விழுக்காடு குறைந்தது. 2019-20 பருவத்தில் அது அடிமட்டக் காற்பந்து முழுவதற்கும் விதியானது. சிறிய தண்டனைதான். ஆனால் அது உடனே வருகிறது, கட்டாயம் வருகிறது, அணி முழுவதும் அதன் பாரத்தை உணர்கிறது. கடன்போல மாதங்கழித்து வரும் அபராதத்தைவிட மூளை இதிலிருந்து விரைவாகக் கற்கிறது.

தீர்ப்பு

விளையாட்டாளரைத் தண்டிக்கலாமா? 'எந்தச் சொல்' என்று கேட்பதற்கு முன், 'யார்மேல்' என்று கேட்க வேண்டும். காலில் அடிபட்டோ வாய்ப்பைத் தவறவிட்டோ காற்றில் விட்ட சொல்லுக்கு எச்சரிக்கை போதும். செய்தியாளர் கூட்டத்தில் நிதானமாகச் சொன்னால் சிறு தண்டனை நியாயம். நடுவரையோ எதிராளியையோ பார்வையாளரையோ குறிவைத்தால் அப்போதே வெளியேற்றலாம். இனம், நிறம், மதம், பிறப்பு ஆகியவற்றைத் தொட்டால், எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் நீண்ட தடை வேண்டும்.

இந்த அளவுகோலுக்கு ஒரு சிக்கல் உண்டு. பெல்லிங்ஹாம் வழக்கில் போல, சொல் யாரை நோக்கிப் போனது என்பதை நடுவர் ஒரு நொடியில் முடிவுசெய்ய வேண்டும். பார்வை, கை, முகம் திரும்பிய பக்கம் ஆகியவையே அவருக்குச் சான்று. ஆகவே வாய்தவறினால் அந்த நேரத்தில் நடுவரைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்!

நீங்களே ஆய்வு செய்யுங்கள்

அடுத்த பள்ளி ஆட்டத்துக்கோ தோட்டத்து ஆட்டத்துக்கோ ஒரு நோட்டுப் புத்தகத்துடன் செல்லுங்கள். சொல்லை எழுத வேண்டாம். ஆட்டக்காரர் பெயரும் வேண்டாம். தகாத சொல் கேட்கும் ஒவ்வொரு முறையும் நான்கு கட்டங்களில் ஒன்றில் கோடு போடுங்கள்: தன்னை நோக்கி, பந்தையோ திடலையோ நோக்கி, ஆளை நோக்கி, இனத்தையோ நிறத்தையோ நோக்கி. எந்த நிமிடம், அணி முன்னிலையிலா பின்தங்கியா என்பதையும் குறியுங்கள். மூன்று ஆட்டங்கள் பார்த்த பிறகு பட்டை வரைபடம் வரையுங்கள். எந்தக் கட்டம் உயரமாக நிற்கிறது? கடைசிப் பத்து நிமிடங்களில் அது மாறுகிறதா? முடிவுகளை உங்கள் அறிவியல் ஆசிரியரிடமும் பயிற்றுநரிடமும் காட்டுங்கள். உங்கள் பள்ளி அணிக்கு எந்த விதி தேவை என்பதை அந்த வரைபடத்தை வைத்துப் பேசித் தீர்மானிக்கலாம்.